சுரண்டையாருக்கு ராத்திரிச் சாப்பாடு

ஜூன் 8, ஞாயிறு

வீட்டு மீன்தொட்டியில் பெரிய தங்கமீனின் விலாவில் ஒரு வெளுத்த தடம். செதில் கொஞ்சம் பெயர்ந்த மாதிரி இருக்கிறது. காலையில் பார்த்துவிட்டு, பூஞ்சையாக இருக்கும், கல்லுப்பு போடலாம் என்று நினைத்தேன். ராத்திரி 11 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது சும்மா செல்போன் டார்ச்சை அடித்தேன். கண்ணாடிப் பாசியைத் தின்ன வாங்கிவிட்ட சக்கர் மீன், தங்கமீன் மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது! வெளிச்சம் பட்டதும் உதறிக்கொண்டு ஃபில்டருக்குப் பின்னால் ஓடிவிட்டது.

நாள் முழுக்கக் கண்ணாடியைச் சுரண்டுவதால் பையன் அதற்குச் ‘சுரண்டையார்’ என்று பெயர் வைத்திருந்தான். இப்போது ஆளையே சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

ஆபீசில் பாதி நேரம் இதே யோசனை. வாங்கும்போது கடைக்கார அண்ணாச்சி சொன்னது நினைவிருக்கிறது: “இதுக்குன்னு தனியா தீனி ஒண்ணும் வேண்டாம் சார். அழுக்கெல்லாம் அதுவே தின்னுக்கிடும்.” மூன்று மாதம் அதை வேதவாக்காக நம்பியிருக்கிறேன்.

சாயங்காலம் அது முன்கண்ணாடியில் ஒட்டியபோது வயிற்றைப் பார்த்தேன். இந்த மீனில் இது ஒரு வசதி, வயிற்றைத் தானே காட்டும். நன்றாகச் சாப்பிட்ட மீனுக்கு வயிறு லேசாக உப்பியிருக்க வேண்டும். இவருக்கு உள்ளே குழிந்து, இரண்டு பக்கமும் வரம்பு கட்டின மாதிரி தெரிகிறது.

கணக்கு இப்போதுதான் புரிகிறது. தொட்டி ஜன்னல் பக்கம் இருந்தபோது கண்ணாடி முழுக்கப் பச்சைப்பாசி. ஒரே மாதத்தில் துடைத்து எடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் கண்ணாடியைக் காட்டிப் பெருமை பேசினேன். அப்புறம் பாசி பிடிக்கக் கூடாது என்று தொட்டியை நிழலுக்கு வேறு தள்ளி வைத்தேன். அதாவது வேலையை முடித்தவனின் சோற்றுப்பானையையும் கவிழ்த்தாயிற்று. நாங்கள் போடுகிற குருணைத் தீனி மிதக்கும். தங்கமீன்கள் மேலேயே வாயைப் பிளந்து முடித்துவிடும். கீழ்ப்பக்கம் வாய் உள்ள மீன் எதைத் தின்னும்? மற்ற மீன்களின் கழிவைத் தின்னும் என்பதும் பொய். சக்கர் அதைத் தின்று பிழைக்காது.

ஜூன் 11, புதன்

மகாராஜநகர் உழவர் சந்தையில் வெள்ளரிக்காய். தோலைச் சீவி, விரல் கனத்துக்கு இரண்டு வில்லை போட்டு, கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம். உப்பு போடவில்லை. ஆறினதும் ஒரு எவர்சில்வர் ஸ்பூனைச் செருகி இறக்கினேன். இல்லாவிட்டால் மிதக்கும்.

அம்மா அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். “பெத்தவளுக்கு ஒரு காபி போடத் துப்பில்ல. மீனுக்கு வெள்ளரிக்கா அவிக்கான்.”

விளக்கை அணைத்துவிட்டுத்தான் போட வேண்டும். சுரண்டையார் ராத்திரி ஆள். தங்கமீன்களும் இருட்டில் அடங்கிவிடும்.

ஜூன் 12, வியாழன்

தொடவே இல்லை. காலையில் வில்லை கொழகொழவென்று கிடந்தது, எடுத்துப் போட்டேன். விட்டுவைத்தால் அழுகி அமோனியா ஏறும்.

ஜூன் 14, சனி

மூன்றாவது ராத்திரி ஒட்டிவிட்டது! டார்ச்சை விரலால் மறைத்துக்கொண்டு நானும் பையனும் பார்த்தோம். வில்லை மேல் படுத்து, உதடு மட்டும் அசைகிறது. காலையில் நடுச்சதை போய் வளையம் மட்டும் மிச்சம்.

ஆனால் வெள்ளரி பெரும்பாலும் வெறும் தண்ணீர். அதை மட்டும் போட்டால் நாம் மோர் குடித்தே நாளைக் கழிப்பது மாதிரிதான். சுரைக்காய், பீர்க்கங்காய், அவித்த பச்சைப்பட்டாணி என்று மாற்றிப் பார்க்க வேண்டும். சுரைக்காயைப் போடும் முன் நுனியைக் கடித்துப் பார்ப்பேன். கசப்புக் காய் மனுஷனுக்கே ஆகாது. கீரை போடப் பயம், மருந்து அடித்திருப்பார்கள். வாரம் இரண்டு நாள், அடியில் போய் உட்காருகிற பாசி வில்லை, கடையில் கிடைக்கிறது. அது ராத்திரி ஒன்று போதும்.

ஜூன் 17, செவ்வாய்

மொட்டைமாடியில் பாசி விவசாயம் ஆரம்பம். பழைய வெள்ளைப் பெயின்ட் வாளி இரண்டு, நன்றாகக் கழுவினது. தொட்டியில் இருந்து மாற்றுகிற பழைய தண்ணீரை ஊற்றி, கைப்பிடி அளவுக் கூழாங்கற்களைப் போட்டு வெயிலில் வைத்தேன். மீன் தண்ணீரில் சத்து இருப்பதால் பாசி சீக்கிரம் பிடிக்கும். ஒரு வாளிக் கல் தொட்டிக்குப் போகும்போது மற்றதில் பாசி வளரும். கொசு முட்டையிடாமல் இருக்க மேலே கொசுவலைத் துண்டைக் கட்டியாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

பாபநாசம். தாமிரபரணியில் குளித்துவிட்டுப் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்டோம். பையன் பொரியை விட்டுவிட்டு ஓரத்துப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடுகிற தண்ணீரில் விரல் நீளத்து மீன் ஒன்று கல்லில் ஒட்டிப் பாசியைச் சுரண்டுகிறது. கார்ரா என்கிற மீன் இனம் மாதிரி இருந்தது. அந்த இனத்தில் நம் திருநெல்வேலிப் பக்கத்துக் களக்காட்டின் பெயரையே வைத்திருக்கிற ஒன்றும் உண்டு, கார்ரா களக்காடென்சிஸ். 1993இல் பெயர் வைத்தார்கள். நம் மலைக்கே சொந்தமான பாசிதின்னி இருக்க, நாம் தென் அமெரிக்காவில் இருந்து வந்த ஜாதியைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறோம்.

“ஒண்ணு பிடிச்சிட்டுப் போவமாப்பா?”

கூடாது. மேலே முழுக்கப் புலிகள் காப்பகம். அதோடு, ஓடுகிற தண்ணீரில் வாழ்வது நம் தொட்டியில் தாங்காது.

“அப்போ சுரண்டையார இங்கன விட்டுட்டா?”

அது அதைவிடக் கூடாது. ஒரு அடிக்கு மேல் வளரும், கரையில் வளை தோண்டி முட்டையிடும், முள் துடுப்பு வலையைக் கிழிக்கும். தமிழ்நாட்டில் பல ஏரிகளில் மீன்பிடிக்கிறவர்கள் ஏற்கெனவே இதனால் தலையில் கைவைத்திருக்கிறார்கள். தாமிரபரணிக்கும் அந்தக் கேடு வேண்டாம்.

ஜூன் 28, சனி

முதல் வாளிக் கல் நல்ல பச்சை, தடவினால் வழுக்குகிறது. சாயங்காலம் தொட்டியில் போடலாம் என்று கீழே எடுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். வந்து பார்த்தால் கற்கள் பளபளவென்று துணி துவைக்கிற கல் மேல் காய்கின்றன. அம்மா தேங்காய் நாரை வைத்துத் தேய்த்திருக்கிறாள்.

“பாசி பிடிச்சுக் கெடந்துச்சு, வழுக்கி விழுந்துரப் பிடாதுல்லா. அதான் கழுவி வச்சேன்.”

பதினோரு நாள் வெயில். ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல? அடுத்த வாளி இன்னும் இளம்பச்சை.

ஜூலை 8, செவ்வாய்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். டவுனுக்குப் போய் வடம் தொட்டுவிட்டு வந்தோம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். சாயங்காலம் தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின கழனி மாதிரி. அக்கா மகள் பாசி வில்லை ஏழெட்டை ஒரே மூச்சில் போட்டிருக்கிறாள். “மாமா, அது பசியா இருந்துச்சு” என்கிறாள். குழந்தையை என்ன திட்டுவது? ஊறிப்போன வில்லைகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, நேற்றே பிடித்துவைத்த தண்ணீரை ஊற்றினேன். மாநகராட்சித் தண்ணீர் குளோரின் வாசம் போக ஒரு நாள் வாளியில் கிடக்க வேண்டும், அதனால் எப்போதும் ஒரு வாளி தயாராக இருக்கும். சுரண்டையார் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கினார். அவருக்கு அந்த வித்தை தெரியும். தங்கமீன்களுக்குத்தான் பயந்தேன். இன்று யாருக்கும் சாப்பாடு இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

எல்லோரும் பிழைத்தார்கள். பெரிய தங்கமீனின் தடத்தில் நிறம் கூடி வருகிறது. இரண்டாவது வாளிக் கற்கள் தொட்டிக்குள் போய் மூன்று நாள் ஆகிறது, பாதி மொட்டை. வயிறு உப்பியிருக்கிறது.

ஆளும் வளர்கிறார். மார்ச்சில் மூன்று அங்குலம், இன்று ஸ்கேலைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் ஐந்து. இரண்டடித் தொட்டி அடுத்த வருஷம் காணாது. பெரிய தொட்டி வைத்திருக்கிற யாரிடமாவது இப்போதே சொல்லி வைக்க வேண்டும். தங்கமீன்களோடு சேர்த்து வைத்ததே தப்பு என்றும் தெரிகிறது. அதுவரை ராத்திரி டார்ச் ரோந்து தொடரும்.

மதியம் சுரைக்காய்க் கூட்டு. அரிவாள்மனையில் அரிந்துகொண்டிருந்த அம்மா, ஒரு துண்டை நுனி கடித்துப் பார்த்துவிட்டுத் தனியாகக் கிண்ணத்தில் வைத்தாள். வீட்டுக்காரியிடம் சொல்வது காதில் விழுந்தது:

“இதக் கூட்டுல தள்ளிராத தாயி. அது ராத்திரிக்கு.”