மூன்று வருஷ நேர்த்திக்கடன்

என் மகன் எட்டாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். முதல் மொட்டை திருச்செந்தூர் முருகனுக்குத்தான் என்று. ஏதேதோ காரணத்தால் மூன்று வருஷம் தள்ளிப்போனது. இந்த மாசியில் எப்படியும் முடித்துவிடுவது என்று சென்னையிலிருந்து காரில் கிளம்பினோம். 600 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி நடை சாத்துமுன் ஒரு தரிசனம், விடிந்ததும் மொட்டை. அதுதான் எங்கள் கணக்கு.

மதுரை வரை ஒரு குறையும் இல்லை. அருப்புக்கோட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சூடு காட்டும் முள் சரசரவென்று ஏறியது. ஓரங்கட்டிப் பார்த்தால் ஒரே ஆவி. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் கிழிந்திருந்தது. பதற்றத்தில் என் கணவர் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். பின்னால் வந்த லாரி டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சூட்டோட திறந்தா கொதிதண்ணி மூஞ்சில அடிக்கும் சார். நல்லா ஆறட்டும்." சொல்லிவிட்டு, நன்றி கேட்கக்கூட நிற்காமல் போய்விட்டார். அன்றைக்கு முருகன் முதலில் லாரியில்தான் வந்தான் என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் செய்தோம். ரோந்து வண்டி வந்து காரை நிழலுக்குத் தள்ளிவிட்டு, ஒரு மெக்கானிக்குக்கும் சொல்லி அனுப்பியது. அவர் கொண்டுவந்த குழாய் அளவு சேரவில்லை. வேறு வாங்க பைக்கில் திரும்பிப் போனார். கண்ணுக்கு எட்டியவரை கரிசல் காடு. பிள்ளை அழுது அழுது தூங்கிவிட்டான். எனக்கு வேறொரு பயம். கடனை இத்தனை நாள் இழுத்தடித்ததால் வரவேண்டாம் என்கிறானோ முருகன்?

வாய்விட்டே கேட்டுவிட்டேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. "டச்சுக்காரன் தூக்கிட்டுப்போய், புயல்ல கடல்ல போட்டானே திருச்செந்தூர் சண்முகர் சிலையை! எலுமிச்சம்பழம் மிதந்து, கருடன் வட்டமிட்டு இடம் காட்டி, 1653ல கரையேறுற வரைக்கும் அவரே தண்ணிக்குள்ள கிடந்தாரும்மா. நாம அஞ்சு மணி நேரம் ரோட்டுல கிடந்தா என்ன?" அதற்குப் பிறகு அழுகை வரவில்லை.

வண்டி கிளம்ப ஏழு மணி. மெக்கானிக் கூலிக்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. "எண்பதைத் தாண்டாம போங்க. இலை விபூதி கிடைச்சா எனக்கும் ஒண்ணு" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியாகிவிட்டது. முன்பதிவு செய்த அறையையும் நேரமாகிவிட்டது என்று வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள். கடற்கரை மணலில் போர்வையை விரித்தோம். எங்களைப்போல நூற்றுக்கணக்கான குடும்பங்கள். அலைச் சத்தத்தில் அத்தை அசந்து தூங்கினார்கள்; வீட்டில்கூட அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை.

விடிந்ததும் மொட்டை, கடல், நாழிக்கிணறு. அலைக்குப் பக்கத்திலேயே அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காமல் இருப்பது எத்தனை தடவை வந்தாலும் சிலிர்க்கிறது. வரிசைக்குப் போகுமுன் நாலு பேர் வழிமறித்து, "பத்தே நிமிஷத்தில தரிசனம்" என்று பிள்ளையைக் காட்டியே பேரம் பேசினார்கள். கைக்குழந்தையும் முட்டிவலியுமாக வருகிறவர்களிடம் இப்படிப் பிடுங்குவதை யாராவது தடுத்தால் புண்ணியம். நாங்கள் பொது வரிசையிலேயே நின்றோம். மூன்றரை மணி நேரம், நெரிசல், வியர்வை.

பிறகு சன்னதி. தீபம் ஏறியது. செபமாலை ஏந்திய கை தெரிந்தது, பிறகு அந்த முகம். மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்த வேண்டுதல்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அந்த லாரிக்காரர், அந்த மெக்கானிக்" என்று மட்டும் சொன்னேன். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று அங்கேதான் உறைத்தது. அவனுக்குத் தெரியாததா! "நகருங்க, நகருங்க" என்று தள்ளினார்கள். மொட்டைத் தலையோடு என் மகன் தோளில் இருந்தபடியே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தான். முருகா, எடை தேறுமா என்று டாக்டர்கள் கைவிரித்த பிள்ளை அவன். உன் வாசலுக்கு அவனைத் தூக்கிவந்துவிட்டேன் அப்பா.

பன்னீர் இலையில் வைத்துத் தரும் விபூதியைக் கேட்டு வாங்கினோம். அந்த இலையின் 12 நரம்புகளும் முருகனின் 12 கைகள் என்பார்கள். திரும்பும் வழியில் விசாரித்து அந்த மெக்கானிக் கடையைக் கண்டுபிடித்தோம். ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர், எங்களைப் பார்த்ததும் எழுந்தார். இலையை நீட்டினேன். "இருங்கம்மா" என்று உள்ளே போய், சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்து, இரு கைகளையும் ஏந்தினார்.