அப்பா பெயரில் 13 வாரம்

போன நவம்பர் 10 அன்றும் வழக்கம் போல மரைன் பயிற்சி முகாமில் ஒன்றாக இருந்த நாங்கள் மூன்று பேர் டென்னசிக்காரன் வீட்டு கராஜில் கூடினோம். அமெரிக்க மரைன் படை 1775இல் அந்தத் தேதியில்தான் தொடங்கியது. அதனால் மரைன்களுக்கு அது பிறந்தநாள், எங்கே இருந்தாலும் கேக் உண்டு. கூட்டத்தில் வயதில் மூத்தவர் ஒரு துண்டை வாங்கி வயதில் இளையவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது முறை. எங்களில் மூத்தவன் புரூக்ளின்காரன், இளையவன் நான். நாலே மாத வித்தியாசம். அந்த நாலு மாதத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக அவன் பெரியவர் வேஷம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

கேக் முடிந்தால் சண்டை. பயிற்சியின் கடைசி நடையன்று விடிகாலையில் மழை பெய்ததா, இல்லையா? பெய்தது என்று டென்னசிக்காரன் சத்தியம் செய்கிறான். அது மழை இல்லை, உன் வேர்வை என்கிறான் புரூக்ளின்காரன். எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறதென்று கேட்டால் முன்னால் போனவனின் பூட்ஸ் குதிகால் மட்டும்தான். மூவரும் அதற்கப்புறம் எங்கெங்கோ போனோம், வந்தோம். அதையெல்லாம் பேசுவதில்லை. 1997 கோடையின் அந்த 13 வாரத்தை மட்டும் அலுக்காமல் பேசுவோம்.

நான் திருச்சியில் பிறந்து 12 வயதில் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் ஊருக்கு வந்தவன். கிரீன் கார்டு இருந்தாலே மரைனில் சேரலாம். கல்லூரிச் செலவுக்குப் பணம் கிடைக்கும் என்பது வெளியே சொன்ன காரணம். வீட்டில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற பதினெட்டு வயதுத் திமிர் உண்மைக் காரணம். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே சேர்பவர்களைப் பாரிஸ் ஐலண்டுக்கும் மேற்கே சேர்பவர்களைச் சான் டியேகோவுக்கும் அனுப்புவார்கள். பாரிஸ் என்று காதில் விழுந்ததும் அம்மா, "பிரான்ஸுக்கா அனுப்பறாங்க?" என்று கொஞ்சம் முகம் தெளிந்தாள். அது தெற்கு கரோலினாவில் உப்புச் சதுப்புக்கு நடுவே இருக்கும் ஒரு தீவு என்று விளக்க எனக்கு மனம் வரவில்லை.

பேருந்து நள்ளிரவுக்கு மேல்தான் உள்ளே போனது. தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லிவிட்டதால் வழி தெரியவில்லை, சேற்று வாடை மட்டும் வந்தது. வண்டி நின்றதும் அகலத் தொப்பி போட்ட ஒருவர் ஏறினார். அவர் கத்தியதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் கால் தானாக ஓடியது. தரையில் வரிசையாக மஞ்சள் பெயின்டில் பாதச் சுவடுகள். அதன்மேல் குதிகால் சேர்த்து நின்றதோடு என் பழைய வாழ்க்கைக்கு விடுமுறை. தலை மொட்டையானது. அன்று இரவு தூக்கம் இல்லை, மறுநாள் பகலிலும் இல்லை. அந்த முதல் இரண்டு நாளின் மயக்கத்துக்கு இணையாகப் பிறகு வந்த எதையும் நான் சொல்ல மாட்டேன். உடம்பு வலிக்கவில்லை, மூளை ஊறுகாய் போல ஆகிவிட்டது.

வந்ததும் வீட்டுக்கு ஒரே ஒரு போன். என்ன பேச வேண்டும் என்பது சுவரில் ஒட்டியிருக்கும், அதை மட்டும் உரக்கப் படிக்க வேண்டும். ரெக்ரூட் இன்னார் பேசுகிறேன், பாரிஸ் ஐலண்டுக்குப் பத்திரமாக வந்துவிட்டேன், சாப்பாட்டுப் பொருளோ பெரிய பார்சலோ அனுப்ப வேண்டாம், புது முகவரி தபாலில் வரும், போய் வருகிறேன். அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அமெரிக்கா வந்தபோது அந்த இனிஷியலை விரித்ததில் அப்பாவின் பெயர் என் கடைசிப் பெயராகிவிட்டது. முருகனுக்கு உள்ள பெயர்களிலேயே நீளமான ஒன்று, ஆங்கிலத்தில் 15 எழுத்து. அங்கே கடைசிப் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும். இரவு ஒரு மணிக்கு யாரோ ஆங்கிலத்தில் கத்திக் கத்தி அப்பா பெயரைச் சொல்வது கேட்டதும், அம்மா, "ஒன் மினிட் ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு அப்பாவை எழுப்பப் போய்விட்டாள். அவள் வாயால் ஒருநாளும் சொல்லாத பெயர் அது. அப்பா வந்து ரிசீவரை எடுப்பதற்குள் நான் "போய் வருகிறேன்" வரை படித்து வைத்துவிட்டேன். யாரோ மிரட்டுகிறார்கள் என்று விடியும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்களாம்.

அந்தப் பெயரை டிரில் இன்ஸ்ட்ரக்டர்கள் மூன்று நாள் முயன்று பார்த்தார்கள். அப்புறம் "ஆல்ஃபபெட்" என்று வைத்துவிட்டார்கள். நீளப் பெயர்க்காரர்களுக்கு அங்கே வழக்கமாகக் கிடைக்கிற பட்டம்தான். ஆனால் நிஜமாகக் கோபம் வந்தால் முழுப் பெயரையும் உடைத்து உடைத்துச் சொல்லித் திட்டுவார்கள். நம் ஊரில் ஒருவனை அடிக்க வேண்டுமென்றால் அப்பன் பெயரைச் சொன்னால் போதும். அங்கே காலை, மதியம், இரவு மூன்று வேளையும் அதுதான் நடந்தது. திட்டு எனக்கு, பெயர் அவருக்கு. முதல் வாரம் உள்ளே எரிந்தது. மூன்றாவது வாரம் பாவம் அப்பா என்று சிரிப்பு வந்தது. சிரித்ததற்கு மணல் குழியில் தனியாகப் புஷ்அப்.

இன்னொன்று, "நான்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. "இந்த ரெக்ரூட்" என்றுதான் தன்னைச் சொல்ல வேண்டும். கழிவறைக்குப் போக வேண்டுமானால், "ஐயா, இந்த ரெக்ரூட் போக அனுமதி கேட்கிறான், ஐயா" என்று கத்த வேண்டும். புரூக்ளின்காரனுக்கு இது வாயில் வரவே ஒரு வாரம் ஆனது, நாக்கு தவறி "ஐ" என்றுவிட்டுத் தண்டனை வாங்கிக்கொண்டே இருந்தான். எனக்கு எளிதாக வந்தது. எங்கள் தெருக்கோடி ஐயங்கார் தாத்தா "அடியேன் வந்தேன், அடியேன் சாப்பிட்டேன்" என்பாரே, அந்த மாதிரி நினைத்துக்கொண்டேன். இதை டென்னசிக்காரனுக்கு விளக்கியிருக்கிறேன். அவனுக்கு இன்றுவரை புரியவில்லை.

மற்ற சொற்களும் மாறிவிடும். தரைக்கு டெக், சுவருக்கு பல்க்ஹெட், கதவுக்கு ஹேட்ச், கழிவறைக்கு ஹெட் என்று எல்லாம் கப்பல் பாஷை. பேனாவுக்கு "இங்க் ஸ்டிக்", ஓட்டப் பூட்ஸுக்கு "கோ ஃபாஸ்டர்ஸ்". என் வீட்டில் இப்போதும் கதவு ஹேட்ச்தான். மனைவிக்குப் பழகிவிட்டது.

பாரிஸ் ஐலண்டில் இருந்த யாரைக் கேட்டாலும் முதலில் மணல் பூச்சியைச் சொல்வார்கள். கொசுவைவிடப் பொடியானது, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. விறைப்பாக நிற்கும்போது காதுக்குள், இமைமேல், மொட்டைத் தலையில் வந்து உட்கார்ந்து கடிக்கும். கை அசையக் கூடாது. ஒருநாள் எனக்குப் பக்கத்தில் நின்றவன் கன்னத்தில் தட்டிவிட்டான். "அதுவும் சாப்பிட வேண்டாமா?" என்றார் இன்ஸ்ட்ரக்டர். அரைமணி கழித்து பிளட்டூன் முழுவதும், 60 பேருக்கு மேல், மணலில் உருண்டுகொண்டிருந்தோம், ஒரு பூச்சியின் பசிக்காக.

வெயிலுக்கு அங்கே கொடிகள் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு. ஈரப்பதத்தையும் வெயிலையும் சேர்த்து அளந்த கணக்கு 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் கறுப்புக் கொடி ஏறும், வெளியில் கடும் பயிற்சி கிடையாது. திருச்சிக்காரனுக்கு என்ன வெயில் என்று நினைத்துத்தான் போனேன். திருச்சியில் நான் வெயிலில் ரைபிளோடு ஓடவில்லை என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

எனக்கு உண்மையான கண்டம் தண்ணீரில் இருந்தது. காவிரிக்கரை ஊரில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாது. ஆற்றுச் சுழலுக்குப் பயந்து அம்மா படித்துறையில் இரண்டாம் படிக்குமேல் இறங்க விட்டதே இல்லை. இங்கே சீருடையோடும் பூட்ஸோடும் மேடையிலிருந்து குளத்தில் குதித்து நீந்திக் கரையேற வேண்டும். முதல் முறை குதித்தேன், நேராக அடிக்குப் போனேன், கொக்கிக் கழியைப் பிடித்து மேலே வந்தேன். என்னைப் போன்றவர்களுக்கு "இரும்பு வாத்து" என்று பெயர். ஏழெட்டு வாத்துகளைத் தனியாக நிறுத்திச் சொல்லிக் கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவர் கத்தவில்லை. கத்தாத மனிதரைப் பார்த்தால் அழுகை வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாரக் கடைசி நாளில், நீச்சலா தத்தளிப்பா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியாத ஏதோ ஒன்றைச் செய்து தேறினேன்.

துப்பாக்கிப் பயிற்சி எனக்குப் பிடித்தது. முதல் வாரம் ஒரு குண்டுகூடச் சுடவிடாமல் புல்லில் உட்கார்ந்து, முழங்காலிட்டு, படுத்துக் குறிபார்க்க மட்டும் வைப்பார்கள். அடுத்த வாரம் எம்16 ரைபிளால் 200, 300, 500 கெஜத்திலிருந்து சுட வேண்டியிருந்தது. அப்போது 250க்கு 190 எடுத்தால் தேர்ச்சி. அன்று தொலைநோக்கி கிடையாது, குழல் முனையில் நிற்கும் முனைக்குறிதான். 500 கெஜத்தில் படுத்துப் பார்த்தால் மனித உருவ இலக்கு முனைக்குறியின் அகலம்கூட இராது. மூச்சை விட்டு, அடுத்த மூச்சு எடுப்பதற்குமுன் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில் விரலை இழுக்க வேண்டும். பெருமை பேசுவதற்கில்லை, 193. அந்த மூன்று புள்ளியை டென்னசிக்காரன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறான். அவன் ஆறு வயதிலிருந்து மான் சுட்டவன்.

சுடுகளத்துக்குப் பின்னால்தான் ரிப்பன் கிரீக் ஓடுகிறது. 1956 ஏப்ரல் 8 இரவு ஒரு பிளட்டூனை அந்தச் சேற்று ஓடைக்குள் நடத்திப் போனதில் ஆறு ரெக்ரூட்டுகள் மூழ்கி இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இன்ஸ்ட்ரக்டர்கள் மேல் கண்காணிப்பு கூடியது. நீச்சல் தெரியாதவனுக்கு அந்தக் கதை வேறு மாதிரிக் கேட்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் தண்ணீரைப் பார்க்காமல் நடந்தேன்.

கண்ணீர்ப்புகை அறையைப் பற்றி எல்லோரும் பெரிதாகச் சொல்வார்கள். முகமூடியைக் கழற்றினேன், எரிந்தது, இருமினேன், மாட்டினேன். வரமிளகாய் வறுக்கும் அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் யாரும் கத்த மாட்டார்கள், வழிபாட்டு நேரம். எனக்கென்று கோயில் இல்லாததால் புரூக்ளின்காரனோடு கத்தோலிக்கப் பூசைக்குப் போவேன். மெழுகுவர்த்தி, சாம்பிராணி வாசனை, உட்கார்ந்தபடி தூக்கம். மாதா என்னை மன்னித்திருப்பாள்.

கடைசியாக க்ரூசிபிள் என்ற இறுதிச் சோதனை. 54 மணி நேரம், 40 மைலுக்கு மேல் நடை, மொத்தம் எட்டு மணி நேரத் தூக்கம், பொட்டலச் சாப்பாடு இரண்டரை. படைத்தலைவராக இருந்த ஜெனரல் சார்ல்ஸ் குருலாக் 1996இல்தான் அதைக் கொண்டுவந்தார். எங்கள் முறை வந்தபோது அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. எங்களைத் திட்டிய இன்ஸ்ட்ரக்டர்கள் யாரும் ரெக்ரூட்டாக அதைச் செய்தவர்கள் இல்லை என்பதில் எங்களுக்கு ஒரு அற்பத் திருப்தி. கைவிடப்பட்ட பழைய விமானத் தளத்தில் சுவர் ஏறினோம், கயிற்றில் தொங்கினோம், ஒருவனை ஒருவன் தூக்கினோம். இரண்டாம் இரவு பசியில் டென்னசிக்காரன் தன்னிடமிருந்த கடைசி பிஸ்கெட்டை மூன்றாக உடைத்தான். அவன் துண்டுதான் பெரியது என்று புரூக்ளின்காரன் இன்னமும் வழக்காடுகிறான்.

முடிவில் ஒன்பது மைல் நடை. அதில்தான் அந்த மழை, அல்லது வேர்வை. இவோ ஜிமா போர் நினைவுச் சிலைக்கு முன்னால் நிறுத்தி, கழுகும் உருண்டையும் நங்கூரமும் உள்ள சின்னத்தைக் கையில் வைத்து, முதல் தடவையாக "மரைன்" என்று கூப்பிட்டார்கள். அப்புறம் விருந்து. மாட்டிறைச்சியும் முட்டையும். அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், ஆகவே இதற்குமேல் வேண்டாம்.

பட்டமளிப்புக்கு முந்தைய நாள் குடும்பங்கள் வரலாம். அப்பா எடிசனிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டி வந்திருந்தார். ஆல்ஃபபெட் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்ப நீ எடுத்த தண்டால் எல்லாம் என் கணக்குலயா?" என்றார். தலைமை இன்ஸ்ட்ரக்டர் வந்து கை கொடுத்து, "சார்" என்று தொடங்கிப் பெயரைச் சொல்லப் பார்த்தார். மூன்றாவது அசையில் நின்றுவிட்டார். அப்பா நிதானமாக, "ஆல்ஃபபெட் சீனியர்" என்றார். அந்த இன்ஸ்ட்ரக்டருக்கும் பல் உண்டு என்பதை அன்றுதான் பார்த்தேன்.

அப்பா இரண்டு வருடம் முன்பு போய்விட்டார். அவருடைய பிஸ்கெட் டின்னில் நான் பாரிஸ் ஐலண்டிலிருந்து எழுதிய 11 கடிதங்கள் இருந்தன. போன நவம்பரில் அவற்றை கராஜுக்கு எடுத்துப் போனேன், மழை வழக்கு தீரட்டும் என்று. ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். "நலம், நலமறிய ஆவல். சாப்பாடு நன்றாக இருக்கிறது. நல்ல தூக்கம். கஷ்டம் ஒன்றும் இல்லை." பதினொன்றிலும் இதே பாட்டு. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். க்ரூசிபிள் முடிந்த வாரத்துக் கடிதத்தில் ஒரே வரி: "சனிக்கிழமை கொஞ்சம் தூரம் நடந்தோம்."

"மழை?" என்றான் புரூக்ளின்காரன்.

"எழுதவில்லை."

"பெய்யவில்லை என்றும் எழுதவில்லையே" என்றான் டென்னசிக்காரன்.