வெள்ளைப்படுதலுக்குப் புரோபயாடிக் எடுத்துக்கொண்ட என் அனுபவம்

எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் வெள்ளைப்படுதல் என்றாலே உடம்புச் சூடு என்றுதான் முதலில் சொல்வார்கள். இளநீர், ஊறவைத்த வெந்தயம், வெண்பூசணிச் சாறு என்று அப்பத்தா காலத்துக் கைமருந்துகள் வரிசையாக வரும். எனக்கு அவற்றால் குணமாகவில்லை. மெல்லிய சாம்பல் வெள்ளை நீரும், தாம்பத்தியத்துக்குப் பின் கூடுதலாகத் தெரிந்த மீன் கவிச்சி வாடையும் மாதக்கணக்கில் நீடித்தன. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய பூஞ்சை மாத்திரையும் கேட்காமற்போன பிறகு, மகப்பேறு மருத்துவரான ஓர் அம்மையாரிடம் சென்றேன்.

அவர் மருந்து எழுதுவதற்கு முன் பரிசோதனை செய்தார் என்பதே இந்த அனுபவத்தில் நான் மிகவும் மதிப்பது. பெண்ணுறுப்பின் நீரை ஒரு தாளில் தொட்டு அமிலத்தன்மையைப் பார்த்தார். மாதவிடாய் நிற்காத பெண்களுக்குப் பொதுவாக 3.8 முதல் 4.5 வரை இருக்க வேண்டிய பிஎச், அதாவது அமிலம் குறையக் குறைய ஏறும் அளவெண், எனக்கு அதைத் தாண்டியிருந்தது. மற்றொரு துளியை ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, இது பூஞ்சைத் தொற்று அன்று, உள்ளே பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதால் வரும் பாக்டீரியல் வஜைனோசிஸ் என்றார். பூஞ்சை என்றால் அரிப்பு மிகுந்து, தயிர்த் திப்பி போல வெள்ளை கட்டியாக வரும், பிஎச் பெரும்பாலும் மாறாது என்றும் விளக்கினார்.

“ஆச்சி, உள்ளே இருக்கிற நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலம் சுரந்து கெட்டவற்றைத் தலையெடுக்க விடாது. அது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை” என்று அவர் சொன்னபோது, வீட்டில் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்த எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. 1892ஆம் ஆண்டிலேயே டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த நுண்ணுயிர்களைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னர் படித்தேன்.

பாக்டீரியாவை அழிக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையை ஒரு வாரம், காலையும் இரவும் எடுத்துக்கொண்டேன். வாயில் உலோகக் கசப்பு இருந்ததே தவிர, வாடை முழுவதும் போய்விட்டது. சில மாதங்களில் அது திரும்பியபோது நல்ல பாக்டீரியாவை உயிருடன் தரும் புரோபயாடிக் பற்றி நானே கேட்டேன். வீட்டுத் தயிர் வயிற்றுக்கு நல்லது, ஆனால் அதில் உள்ள பாக்டீரியா வேறு வகை. அதை உள்ளே தடவுவதோ, சோப்பு நீர் விட்டுக் கழுவுவதோ கூடாது என்று முதலில் எச்சரித்தார். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மெட்ரோனிடசோல் சிகிச்சைக்குப் பின் லாக்டோபேசில்லஸ் கிரிஸ்பேட்டஸ் என்ற நல்ல பாக்டீரியாவை உள்ளே வைத்துக்கொண்ட பெண்களில் 12 வாரத்துக்குள் 30 சதவீதம் பேருக்கும், வெற்று மருந்து வைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியிருந்தது. எனக்கு இங்கே கிடைத்தது விழுங்கும் கேப்சூல், வேறு ரகங்கள். ஆகவே அதே பலனை உறுதி சொல்ல முடியாது, மாத்திரைக்குத் துணையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வாங்கும்போது அட்டையில் லாக்டோபேசில்லஸ் என்ற பொதுப்பெயர் மட்டும் இருந்தால் போதாது, ரகத்தின் குறியீடும் காலாவதி நாள் வரை உயிருடன் இருக்கும் எண்ணிக்கையும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பதைக் கவனித்தேன். குளிரில் வைக்கச் சொல்லும் கேப்சூலை எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியலமாரியில் அடுக்கியிருந்த கடையில் நான் வாங்கவில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த கடையில் வாங்கினேன்.

மறுமுறை சிகிச்சை தொடங்கியபோது கணவரையும் அழைத்து வரச் சொன்னார் மருத்துவர். 2025ஆம் ஆண்டில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், துணைவருக்கும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்தில் நோய் திரும்பியது 35 சதவீதம், பெண்ணுக்கு மட்டும் கொடுத்தபோது 63 சதவீதம் என்று அவரிடமே விளக்கினார். என் கணவர் தயங்கினாலும் மறுக்காமல் ஒரு வாரம் மாத்திரையும் களிம்பும் பயன்படுத்தினார். அதன்பின் இதுவரை எனக்கு நோய் திரும்பவில்லை. கேப்சூலால் குணமானதா, அவர் எடுத்த மருந்தால் குணமானதா என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கேப்சூலை நிறுத்திவிட்டு, அறிகுறி தெரிந்தால் மறுபடியும் ஸ்லைடு பார்க்க வரச் சொல்லியிருக்கிறார்.