சிகினோஸில் ஒரு நாள் நடை

கிரேக்கத்தில் ஈயோஸ், ஃபோலேகான்ட்ரோஸ் என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே இருக்கிறது சிகினோஸ். சில நூறு பேர் மட்டுமே வாழும் தீவு. நானும் என் தோழியும் காலையிலேயே தீவின் முக்கிய ஊரான கோராவிலிருந்து எபிஸ்கோப்பி என்ற பழங்காலக் கட்டடத்துக்கு நடக்க ஆரம்பித்தோம். சாலை இருக்கிறது, ஆனாலும் நாங்கள் பழைய கற்பாதையில்தான் போனோம். இரண்டு பக்கமும் சுண்ணாம்பு பூசாத கல்சுவர்கள், படிப்படியாக இறங்கும் வறண்ட வயல்கள், காலில் உரசி மணக்கும் தைம் செடிகள். பேச்சு தானாகவே குறைந்துவிட்டது.

எபிஸ்கோப்பி ரோமானியர் காலத்துக் கல்லறை மாளிகை. பிறகு தேவாலயமாக மாறியது. தூண்களையும் முகப்பையும் பார்த்து இது அப்போலோ கோயில் என்றே முன்பு நினைத்திருந்தார்கள். 2018-ல் சீரமைப்பு வேலையின்போது, யாரும் தொடாத ஒரு கல்லறை உள்ளே கிடைத்தது. நெய்கோ என்ற பெண்ணுடையது. தங்க வளையல்கள், மோதிரங்கள், கழுத்தணி எல்லாம் அப்படியே இருந்தன. கொள்ளையர்களும் நிலநடுக்கங்களும் கடந்துபோன கட்டடத்தில் அவள் பெயர் தப்பிப் பிழைத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தோழி சுவரில் கை வைத்தபடி வெகுநேரம் நின்றாள். நானும் அவசரப்படுத்தவில்லை.

சாந்தோரினித் தீவில் சூரிய அஸ்தமனத்துக்கு இடம் பிடிப்பதைவிட இந்த நடை எனக்கு ஆயிரம் மடங்கு மேல். அப்புறம் ஒன்று: வழியில் நிழல் அரிது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் போவதானால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.