மூன்றாவது ஞாயிற்றில் கழன்று வந்த ஆக்சிஜன் சென்சார்

கழன்றுவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற, என் காரின் முன் ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை வைத்துப் பெட்ரோல் கலவையைச் சரிசெய்ய உதவுவது) இன்று காலை பதினொன்றே காலுக்குக் கையோடு வந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கையைத் தேய்த்துக் கழுவியும் நக இடுக்கில் கருப்பு போகவில்லை.

வண்டி 2011 ஹோண்டா சிட்டி, 1.5 ஐ-விடெக், 1,32,000 கிலோமீட்டர் ஓடியது. திருவான்மியூரில் கடலுக்கு நாலு தெரு தள்ளித் திறந்தவெளியில்தான் நிற்கிறது. இங்கே உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே இரண்டு வருடம் தாங்காது. பதினாலு வருடம் சூட்டிலும் உப்பிலும் இருந்த சென்சாரின் திருகு நூலின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

என்ஜின் விளக்கு எரிந்தது, பிழைக் குறியீடு படிக்கும் இ.எல்.எம். 327 கருவியை மாட்டிப் பார்த்தேன், பி0135. முன் சென்சாரைச் சூடேற்றும் ஹீட்டரின் சர்க்யூட். கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் ஹீட்டர் பின்களுக்கு நடுவே ஓப்பன், அதாவது உள்ளே அறுந்திருக்கிறது. ஃபியூஸ் சரி, வயரிங் சரி, கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறது. ஆக, சென்சாரே போய்விட்டது. இவ்வளவு வருடம் உழைத்த சென்சார், அதன் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கண்டுபிடிக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. கழற்றும் வேலைதான் மூன்று வாரம்.

இந்த என்ஜினில் புகை வெளியேறும் பக்கம் பின்னால், ஃபயர்வாலை (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) பார்த்தபடி இருக்கிறது. புகையைச் சேர்த்து அனுப்பும் தனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கிடையாது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நேராக சிலிண்டர் ஹெட்டிலேயே போல்ட் ஆகியிருக்கும். வண்டியைக் கிளப்பியதும் கன்வெர்ட்டர் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் முன் சென்சார், அதாவது ஏ.எஃப். (காற்று-பெட்ரோல் விகித) சென்சார், அந்தக் கன்வெர்ட்டரின் தலையில், ஃபயர்வாலுக்கும் ஹீட் ஷீல்டுக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் வயர் தெரியும், நட்டு தெரியாது. கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத்தான் முதல் முறை அதன் முகத்தைப் பார்த்தேன்.

முதல் ஞாயிறு, ஆன்லைனில் வாங்கிய ஸ்லாட் சாக்கெட்டோடு போனேன். வயர் நுழைய ஒரு பக்கம் வெட்டு விட்ட 22 மி.மீ. சாக்கெட், எல்லோரிடமும் இருப்பதுதான். பின் சென்சாருக்கும், புதிதாக மாட்டும்போதும் அது அருமையான கருவி. துருப்பிடித்த முன் சென்சாரிடம் மட்டும் அது தோற்றுவிடுகிறது. பிரேக்கர் பாரில் (நீளக் கைப்பிடி) கொஞ்சம் எடையைக் கொடுத்ததும் வெட்டு வாய் பிளக்கிறது. ஆறு முகத்தில் இரண்டுதான் பிடிக்கின்றன, மற்ற நாலும் நழுவுகின்றன. மூன்று தரம் நழுவியதும் நட்டின் மூலைகள் உருள ஆரம்பித்தன. அங்கேயே நிறுத்தினேன். அன்று செய்த ஒரே நல்ல காரியம் அந்த நிறுத்தம்தான்.

இரண்டாவது ஞாயிறு இடத்தைப் பெரிதாக்கினேன். வைப்பர் கைகள், கௌல் பிளாஸ்டிக் (முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள மூடி), வைப்பர் மோட்டார் கூட்டு எல்லாம் வெளியே. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் கௌலைக் கழற்றாமல் முயற்சி செய்யவே வேண்டாம். ஒரு மணி நேரம் கூடுதலாகப் போகும், ஆனால் தோள் வரை கை இறங்கும். ஹீட் ஷீல்டின் 10 மி.மீ. போல்ட்டுகளில் ஒன்று கையில் ஒடிந்து வந்தது, அதைப் பிறகு பார்க்க வேண்டும். ஊடுருவும் எண்ணெய் முந்தின இரவே அடித்து ஊறவைத்திருந்தேன். காலையில் என்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கை வைக்க முடிகிற சூட்டுக்கு வந்ததும் கனத்த கையுறையோடு முயன்றேன். வெதுவெதுப்பில் சுற்றியிருக்கும் உலோகம் விரிந்து நூல் இளகும் என்பது சரியான பாடம்தான். அன்றைக்கு மட்டும் பலிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒரே கேள்விதான் மண்டைக்குள். எதற்காக இந்த வெட்டு விட்ட சாக்கெட்டோடு மல்லுக்கட்டுகிறேன்? வயரைக் காப்பாற்றத்தானே? ஹீட்டர் போன சென்சார், எப்படியும் குப்பைக்குப் போவது. அதன் வயரை எதற்குக் காப்பாற்ற வேண்டும்? வயரை நறுக்கிவிட்டால் முழு வளையமாக உள்ள எந்த ஸ்பேனரும் மேலிருந்து இறங்கும், ஆறு முகத்தையும் பிடிக்கும். இதைச் செய்யத் தயங்கியதற்கு ஒரே காரணம், நறுக்கிய பிறகு திரும்பிப் போக வழியில்லை, அது கழலாவிட்டால் முன் சென்சாரே இல்லாமல்தான் வண்டியை ஓட்ட வேண்டும். புதுச் சென்சார் வீட்டுக்கு வந்து, பெட்டியைத் திறந்து, கனெக்டர் பொருந்துகிறதா என்று வண்டியிலேயே செருகிப் பார்த்த பிறகுதான் கட்டிங் பிளேயரை எடுத்தேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

நறுக்கியாயிற்று, 22 மி.மீ. டீப் சாக்கெட் வைக்கலாம் என்று பார்த்தால் சாக்கெட்டும் ராட்செட்டும் சேர்ந்த உயரத்துக்கு ஃபயர்வால் இடம் தரவில்லை. ரிங் ஸ்பேனர் இறங்கியது, ஆனால் அதன் கைப்பிடி ஃபயர்வாலில் இடித்து இருபது டிகிரிகூடத் திரும்பவில்லை. பன்னிரண்டு முனை ரிங்கை ஒவ்வொரு தரமும் முப்பது டிகிரி தள்ளித்தான் மாற்றி வைக்க முடியும். இருபது டிகிரி ஆட்டத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் தெரு முனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் தபாரியா 20-22 ரிங் ஸ்பேனரைக் கொண்டுபோனேன். பழைய சென்சாரின் படத்தைப் போனில் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, தலைக்கிட்ட சூடு காட்டக் கூடாது, இரும்பு செத்துரும். கழுத்துல மட்டும் காட்டி வளைச்சுத் தர்றேன், எவ்வளவு தூக்கணும் சொல்லுங்க" என்றார். "பானெட்டுக்கு வெளியே கைப்பிடி வரணும்ணே" என்றேன். கம்பி ஒன்றை வளைத்து வண்டியில் வைத்து அளவு எடுத்துவரச் சொன்னார். வீட்டுக்கு வந்து கட்டுக் கம்பியை முறுக்கி, நட்டின் மேலிருந்து ஃபயர்வாலைத் தாண்டி வெளியே வரும் வளைவை அப்படியே எடுத்துப் போனேன். கேஸ் வெல்டிங் நெருப்பில் கழுத்தைச் சிவக்கவிட்டு, அந்தக் கம்பிக்கு ஒப்பாக இரண்டு இடத்தில் வளைத்துக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்தி டீ செலவுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடையில் கிடைக்கும் எந்தக் கருவியையும் விட அந்த வளைந்த ஸ்பேனர் இந்த வேலைக்குப் பொருத்தம். கைப்பிடி கௌல் இருந்த இடத்துக்கு மேலே, திறந்த வெளியில் வந்து நிற்கிறது. ஆட்டம் நாற்பது டிகிரிக்கு மேல்.

இன்று காலை மறுபடி என்ஜினை ஓடவிட்டு, வெதுவெதுப்பில் எண்ணெய் விட்டு, ரிங்கை இறக்கினேன். கைப்பிடியில் ஒன்றரை அடி ஜி.ஐ. பைப்பைச் செருகி, இழுக்காமல் மெதுவாக எடையை மட்டும் சாய்த்தேன். முதலில் ஸ்பேனர் வளைவது போல ஓர் உணர்வு. அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம். நட்டு ஒடிந்த சத்தமும் இப்படித்தான் இருக்கும், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் நான் போட்ட பெயின்ட் குறி நகர்ந்திருந்தது!

இங்கே அவசரப்படக் கூடாது. இளகியதும் சுற்றிக்கொண்டே போனால் துருத் தூள் நூலுக்குள் சிக்கி, கன்வெர்ட்டர் பக்க நூலையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். கால் சுற்று வெளியே, அதில் பாதி உள்ளே, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. இப்படியே இருபது நிமிடம். கடைசி இரண்டு சுற்று விரலாலேயே வந்தது.

துளையின் நூலை எம்18×1.5 டேப் (நூல் வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்தேன். டேப்பின் பள்ளத்தில் கெட்டியான கிரீஸ் பூசிக்கொண்டால் தூள் உள்ளே விழாமல் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். புதுச் சென்சாரின் நூலில் கம்பெனியே ஆன்டி-சீஸ் (நூல் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) பூசித்தான் அனுப்புகிறது, மேலே எதுவும் பூசவில்லை. முனையைக் கையால் தொடவில்லை. சிலிக்கான் ஸ்ப்ரே, சிலிக்கான் கேஸ்கெட் பசை இரண்டையும் அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை, சிலிக்கான் ஆவி பட்டால் சென்சார் செத்துவிடும். இறுக்க 44 நியூட்டன் மீட்டர். இப்போதுதான் ஸ்லாட் சாக்கெட்டுக்கு வேலை வந்தது, இந்த அளவு இறுக்கத்துக்கு அதன் வாய் பிளக்காது. இறுக்க அளவு வைக்கும் டார்க் ரெஞ்சை நேராக நுழைக்க முடியாதவர்கள் காக்கைக்கால் அடாப்டரை (ரெஞ்சு முனையில் பக்கவாட்டில் மாட்டும் ஸ்பேனர் தலை) ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டினால், வைத்த அளவு மாறாமல் கிடைக்கும். நீட்டி மாட்டினால் இறுக்கம் அதிகமாகிவிடும், கணக்குப் போட்டுக் குறைக்க வேண்டும்.

சென்சார் வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் "எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்" என்று நாலு வயர் யுனிவர்சல் சென்சார் ஒன்றை மிகக் குறைந்த விலைக்குக் காட்டினார்கள். தயவுசெய்து ஏமாறாதீர்கள். அது சாதாரண ஜிர்கோனியா சென்சார், கலவையில் பெட்ரோல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். இந்த வண்டியின் முன் இடத்தில் இருப்பது எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று அளந்து சொல்லும் ஏ.எஃப். சென்சார். வயர் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. தவிர யுனிவர்சல் என்றால் வயரை வெட்டி ஒட்ட வேண்டும். வெளிக்காற்று வயரின் இழைகள் வழியாகத்தான் உள்ளே போய் ஒப்பீட்டுக்கு உதவுகிறது, ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபடும். நான் பார்ட் நம்பரைப் பழைய சென்சாரிலிருந்தே படித்து, அதற்குச் சரியான டென்சோ சென்சாரைக் கனெக்டரோடு வரவழைத்தேன். பத்து நாள் காத்திருந்தேன். புதுப்பேட்டையில் கழற்றிய சென்சார் கிடைக்கும்தான், ஆனால் அதன் வயது யாருக்குத் தெரியும்? இந்த ஒரு சாமானுக்கு மட்டும் அங்கே போக மாட்டேன்.

பேட்டரியைக் கழற்றியிருந்ததால் ஐடிலை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது ஓடும் வேகம்) என்ஜினுக்கு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஏ.சி., விளக்கு எல்லாம் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை 3,000 ஆர்.பி.எம்., பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம். பிழைக் குறியீட்டை அழித்தேன், திரும்ப வரவில்லை. மாலை என்ஜின் நன்றாக ஆறிய பிறகு கிளப்பி லைவ் டேட்டாவைப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் குளோஸ்டு லூப், அதாவது சென்சார் சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலைச் சரிசெய்யும் நிலை. போன மாதம் இதே வண்டி அடையாறு பாலம் தாண்டியும் சென்சாரைக் கேட்காத ஓப்பன் லூப்பிலேயே பெட்ரோலைக் குடித்துக்கொண்டு போனது. அந்த ஒரு சொல் மாறுவதைப் பார்க்க மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஃபியூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) இன்னும் கொஞ்சம் அலைகிறது, இரண்டு டேங்க் போன பிறகு மைலேஜ் எழுதுகிறேன். லிட்டருக்கு பதினாலு கொடுத்த வண்டி பதினொன்றுக்கு இறங்கியிருந்தது.

அடுத்தது பின் சென்சார். அதில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் முன்னதன் வயதுதான் அதற்கும். கீழிருந்து எட்டும், இடம் தாராளம். சாய்தளம் மட்டும் வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க மாட்டேன். நாலு அங்குல மரச் சட்டங்களை அடுக்கிப் போல்ட் போட்டு ஒரு ஜோடி சாய்தளம் செய்ய மரக்கடையில் அளவு கொடுத்திருக்கிறேன். அது வருவதற்குள் ஒடிந்த ஹீட் ஷீல்டு போல்ட்டைத் துளைத்து எடுக்க வேண்டும், கௌலின் கிளிப்புகளில் மூன்று உடைந்திருக்கின்றன, அவையும் வர வேண்டும். வைப்பர் இன்னும் வெளியே கட்டிலின் மேல்தான் கிடக்கிறது. மழை வரும் போலிருக்கிறது, வண்டிக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். வளைந்த ஸ்பேனரைத் துடைத்து, எண்ணெய் பூசி, "சிட்டி முன் சென்சார்" என்று எழுதிய துணியில் சுற்றிப் பெட்டியின் மேல் தட்டில் வைத்தாயிற்று. இதே வண்டியோடு திருவான்மியூர் பக்கம் யாராவது இருந்தால் எடுத்துப் போகலாம்.