எந்த சர்வர் எதை நம்பி ஓடுகிறது?

எங்கள் நிறுவனத்துக்கு ஓமலூர் ரோட்டில் நூல் மில், சேலம் டவுனில் அலுவலகம், ஏற்காட்டில் காபி எஸ்டேட். மூன்றுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பது நானும் இன்னொரு தம்பியும்தான். இருபது சொச்சம் சர்வர்களில் பாதி விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. தனியாகப் பணம் கட்டினால் ஒழிய, அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது 2023 அக்டோபர் 10-ஓடு நின்றுவிட்டது. மாற்றியே ஆக வேண்டும். ஆனால் எதைக் கழற்றினால் எது நிற்கும் என்று கேட்டால் யாரிடமும் முழுப் பதில் இல்லை.

முதலில் பிரிவு பிரிவாகப் போய்க் கேட்டோம். கணக்குப் பிரிவில் "டாலி மட்டும்தான் சார்" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவரவர் திரைக்குப் பின்னால் நடப்பது அவரவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சரி, சர்வர்களையே கேட்போம் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசுகிறது என்று காட்டும் நெட்ஸ்டாட் கட்டளை ஓடி ஃபைலில் எழுதும்படி வைத்தோம். அதில் வரும் போர்ட் எண், அதாவது சர்வரின் எந்த வாசலில் பேச்சு நடக்கிறது என்பதை வைத்து ஆளைச் சொல்லலாம்: 1433 என்றால் எஸ்கியூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸ், 9000 பெரும்பாலும் டாலி, 445 ஷேர்டு ஃபோல்டர். பெரிய இணைப்புகள் எல்லாம் இதில் வந்துவிட்டன. ஆனால் அந்த நொடியில் உயிரோடு இருக்கும் இணைப்பைத்தான் நெட்ஸ்டாட் காட்டும். இணைப்பு எதுவும் ஏற்படுத்தாமல் தகவலை அனுப்பிவிடும் யுடிபி முறை என்றால் எதிர்முனை யாரென்றே காட்டாது. எங்கள் பழைய கைரேகை வருகைப் பதிவு மெஷின்கள் 4370-இல் யுடிபியில்தான் பேசுகின்றன. நெட்வொர்க்கில் வருவது போவதைக் காவல் காக்கும் ஃபயர்வாலின் லாகை (பதிவேட்டை) புரட்டிய பிறகே அவை பட்டியலில் ஏறின. அப்புறம் குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகள் (டாஸ்க் ஷெட்யூலர், எஸ்கியூஎல் ஏஜென்ட் ஜாப்), டேட்டாபேஸுக்குப் போகும் இணைப்புகள் (லிங்க்டு சர்வர், ஓடிபிசி), பெயருக்கு முகவரி எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைல் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மேனேஜர் தினமும் காலையில் பார்க்கும் உற்பத்தி அறிக்கை, ஒரு கிளார்க்கின் எக்செல் ஷீட் நேரடியாக டேட்டாபேஸிலிருந்து இழுத்துக் காட்டுவது என்று தெரிந்தது இங்கேதான்.

இத்தனைக்கும் சிக்காத ஒன்றைச் சொன்னவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். "பழம் எடுக்க ஆரம்பிச்சா தினம் சாயங்காலம் ஆள் வாரியா கிலோக் கணக்கைக் கீழே அனுப்புவோமே சார்?" என்றார். கீழே என்றால் சேலம். அந்த ஃபைலை மில்லின் சம்பள சர்வர் எடுத்துக்கொள்ளும். நாங்கள் கணக்கெடுத்தது ஆகஸ்டில். செடியில் காய் இன்னும் பச்சை. ஒரு மாதமல்ல, இரண்டு மாதம் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் அந்தத் தொடர்பு தென்பட்டிருக்காது. அதன் பிறகு கேள்வியையே மாற்றிவிட்டேன். "என்ன சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறீர்கள்?" என்பதற்குப் பதில், "வருஷத்தில் எந்த நாளில் உங்களுக்கு மூச்சு முட்டும்?" ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலில் ஜிஎஸ்டிஆர்-1 படிவம் போகும் 11-ஆம் தேதி, 3பி படிவம் போகும் 20-ஆம் தேதி, தீபாவளி போனஸ் என்று வரிசையாக வந்தன. பட்டியலில் 'எப்போது' என்று ஒரு பத்தி சேர்ந்தது. என் கணக்கில் அதுதான் இருப்பதிலேயே முக்கியமான பத்தி.

எது எதை நம்பி நிற்கிறது என்று படம் வரையும்போது அம்புக்குறியில் ஒரு தகராறு. வருகைப் பதிவிலிருந்து சம்பளத்துக்குத் தரவு போகிறது என்பதால் தம்பி அந்தத் திசையில் போட்டான். ஆனால் சம்பளம்தான் வருகைப் பதிவை நம்பி நிற்கிறது. 'இது ஓட அது வேண்டும்' என்ற ஒரே அர்த்தத்தில் எல்லா அம்புகளையும் திருப்பிப் போட்டோம். இதையெல்லாம் தானே கண்டுபிடிக்கும் விலை உயர்ந்த மென்பொருள்கள் உண்டு. எங்கள் அளவுக்கு எக்செல் போதும்.

பழைய சர்வர்களைக் கழற்றும் முன் மில் விடுமுறை நாளாகப் பார்த்து அவற்றின் நெட்வொர்க்கை மட்டும் துண்டித்து, யார் கத்துகிறார்கள் என்று பார்த்தோம். முதல் போன் கேன்டீனிலிருந்து: டோக்கன் அச்சாகவில்லை. அதுவும் பட்டியலில் ஏறியது.

பழைய சம்பள சர்வரை மட்டும் பழம் எடுப்பு முடியும்வரை கழற்றுவதில்லை என்று முதலாளியிடம் சொன்னேன். "அதுவரைக்கும் அப்டேட் இல்லாத சர்வரா?" என்றார். அந்த சர்வருக்கு இன்டர்நெட்டை அடைத்து, பட்டியலில் உள்ள போர்ட்டுகளை மட்டும் திறந்து வைத்திருக்கிறோம்.