மெட்டுக்கு ஒரு ஜெட், கீழே ஒரு ஜெட்

போன மார்கழியில் போடியிலிருந்து தேனி போற ரோட்டில் கோடாங்கிபட்டி தாண்டி முழு ஆக்சிலேட்டரில் போய்க்கிட்டிருந்தப்ப என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கோட இன்ஜின் ஜாம் ஆச்சு. பின்சக்கரம் இறுகி ரோட்டில் கறுப்பாகக் கோடு இழுத்தது. கிளட்ச் மேல் எப்பவும் ரெண்டு விரல் வச்சிருப்பேன். அதனால் விழலை.

வண்டி 1995 மாடல். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் எனக்கு வேலை. உள்ளே ஜீப் பாதை மழையில் சேறு, வெயிலில் உருட்டுக்கல். அதுக்காகவே பட்டன் டயர், எக்ஸ்பேன்ஷன் சைலன்சர், 24 மில்லி மிக்குனி கார்புரேட்டர் எல்லாம் போட்டேன். இது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலோட சேர்ந்து போற ஆயில்தான் இன்ஜினுக்கு வழவழப்பு. ஆயில் பம்பைக் கழட்டிட்டு பெட்ரோல் லிட்டருக்கு 30 மில்லி ஆயில் கலந்து ஊத்துறேன்.

மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைத் தூக்கினதும் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, மெட்டுல போட்ட ஜெட்டோடவா இறங்குன?"

ஆமா. ஜெட்னா கார்புரேட்டருக்குள்ள பெட்ரோலை அளந்து விடுற சின்னத் துளை, நம்பர் கூடினா பெட்ரோல் கூடும். அடிவாரத்தில் போடி சுமார் 350 மீட்டர் உயரம். மலை மேலே போடிமெட்டு 1,400 பக்கம். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிக்கிறதுக்குள்ள காத்தோட அடர்த்தி ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு குறைஞ்சிரும். பெட்ரோல் அந்த அளவு குறையாது. அதனால் மேலே வண்டி ரிச்சாகி, அதாவது காத்துக்குப் பெட்ரோல் கூடி, அடைச்சு அடைச்சு ஓடும், பிளக் நனையும். அதைச் சரி பண்ண 150 மெயின் ஜெட்டை எடுத்துட்டு 140 போட்டிருந்தேன். தோட்டத்தில் தங்கமாக ஓடிச்சு. அதோடயே தேனி ரோட்டில் முறுக்கினேன். டூ ஸ்ட்ரோக் லீனாக, அதாவது பெட்ரோல் கம்மியாக, ஓடும்போதுதான் சத்தம் கணீர்னு இருக்கும், இழுவையும் கூடின மாதிரி தோணும். ஆனா சூடு ஏறி, பிஸ்டன் சைலன்சர் பக்கம் நெடுக உரஞ்சு, அலுமினியம் சிலிண்டரில் அப்பியிருந்தது. சிலிண்டரைக் குடைஞ்சு ரீபோர் பண்ணி, அரை மில்லி பெரிய 50 ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டோம்.

அதுக்கப்புறம் காதை நம்புறதில்லை, பிளக்கைப் பார்க்கிறேன். புதுப் பிஸ்டன் பழகுற ரன்னிங்-இன் முடிஞ்சு, வண்டி நல்லா சூடானதும் புதுப் பிளக் மாட்டி, ஆள் இல்லாத ரோட்டில் மூணாவது கியரில் முழுசா முறுக்கி ஒரு முந்நூறு மீட்டர் விடணும். ஆக்சிலேட்டரைக் குறைக்காமலே கிளட்ச்சைப் பிடிச்சு, அதே நொடியில் இன்ஜினை நிறுத்துற கில் சுவிட்ச்சைத் தட்டணும். மெதுவா ஓட்டிட்டு வந்து நிறுத்தினா மெயின் ஜெட்டோட நிறம் கிடைக்காது. பார்க்க வேண்டியது பீங்கானோட நுனியை இல்லை, அடியில் இரும்புக்குள்ள மறைஞ்சிருக்கிற வளையத்தை. டார்ச் அடிச்சுப் பார்த்தா காப்பிப்பொடி நிறம் வேணும். எனக்கு 150லயே வெள்ளையா, அதாவது லீனா, இருந்தது! இப்ப பங்க்கில் வர்ற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறதால பழைய நம்பரெல்லாம் லீன் பக்கம் சாஞ்சிருச்சு. கீழே 155, மேலே 145னு மாத்தினேன். ஆயிலைக் கூட ஊத்தினா காப்பாத்தும்னு சொல்றவங்க உண்டு. ஆயில் கூடினா ஜெட் வழியாப் போற பெட்ரோல் குறையும், கலவை இன்னும் லீன் ஆகும்.

மெயின் ஜெட் முக்காலுக்கு மேல முறுக்கினாத்தான் முழுசா பேசும். ஏலத்தோட்டப் பாதையில் அதுக்கு ஏது இடம்? அங்க எல்லாம் கால், அரைதான். அது நீடில், அதாவது முறுக்க முறுக்க மேலே ஏறி பெட்ரோலைத் திறந்து விடுற ஊசியோட ராஜ்யம். நீடில் தலையில் இருக்கிற கிளிப்பை ஒரு காடி மேலே ஏத்தினா நீடில் இறங்கும், லீன் ஆகும். கீழ இறக்கினா ரிச். சேத்தில் அரை முறுக்கில் திணறின வண்டி, ஒரே ஒரு காடி மேலே மாத்தினதும் தெளிஞ்சிருச்சு. இதையெல்லாம் தொடுறதுக்கு முன்னாடி கார்புரேட்டர் மாட்டுற ரப்பர்ல வெடிப்பு இருக்கான்னு பாருங்க. அங்க காத்து உறிஞ்சினா எந்த ஜெட்டும் நிக்காது.

இறக்கத்தில் இன்னொரு பயம். ஆக்சிலேட்டரை மூடி கியரில் இறங்கினா இன்ஜின் வேகமாச் சுத்தும், ஆயில் போகாது. அதனால் ஒவ்வொரு வளைவுலயும் கிளட்ச்சைப் பிடிச்சு ஒரு முறுக்கு கொடுத்துட்டுத்தான் இறங்குவேன்.

ரெண்டு ஜெட்டும் ஒரு மாத்திரை டப்பாவில் சட்டைப் பையில் கிடக்கு. நேத்து சாயங்காலம் மெட்டில் டீ சொல்லிட்டு, பனி இறங்குறதுக்கு முன்னாடி 155ஐ மாட்டினேன். மலை இறங்குற வரைக்கும் அடைச்சுத்தான் ஓடிச்சு. முந்தல் தாண்டி ரோடு நேரானதும் சத்தம் தெளிஞ்சது.